ஆயாவுக்கு ஐந்து நாள்

என் பெரியம்மா இருபத்து நான்கு வருஷம் அங்கன்வாடியில் ஆயாவாக இருந்தார். பதிவேட்டில் அந்த வேலைக்குப் பெயர் 'உதவியாளர்'. சேரியில் எல்லோருக்கும் அவர் 'ஆயாம்மா'. காலையில் மையத்தைத் திறந்து கூட்டி, தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை அழைத்து வருவார். தாய் கூலிக்குப் போய்விட்டால் ஒன்றரை வயசுப் பிள்ளையும் மையத்துக்கே வந்துவிடும். பதிவேட்டில் அந்தப் பிள்ளைக்கு இடமில்லை. பெரியம்மாவின் இடுப்பில் இடம் இருந்தது. பசி அழுகை எது, காதுவலி அழுகை எது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்.

அன்றைய அரசு விதிமுறையில் அங்கன்வாடிப் பணியாளருக்கு, அதாவது டீச்சருக்கு, வேலைப் பயிற்சி 26 வேலை நாள். உதவியாளருக்கு 5 நாள்.

"தூக்கிச் சுமக்குறது நானு. புள்ள வளக்குறது எப்படின்னு படிச்சுட்டு வர்றது டீச்சரு. வந்து என்னையத்தான் கேக்கும், ஆயாம்மா இந்தப் புள்ள ஏன் அழுவுதுன்னு" என்று சொல்லிச் சிரிப்பார் பெரியம்மா.

இது டீச்சர்கள் மீதான புகார் அல்ல. அவர்களும் ஊதியம் என்ற பெயர்கூட இல்லாத ஊதியத்துக்கு உழைப்பவர்கள். என் கேள்வி வேறு. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு யாருக்குப் பயிற்சி, எத்தனை நாள், யாருடைய அறிவு அறிவாக எண்ணப்படும் என்பதையெல்லாம் இந்த நாட்டில் யார் முடிவு செய்தார்கள்? இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. பாடப்புத்தகங்கள் அதைச் சொல்லாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

தொப்புள்கொடி அறுத்தவர்கள்

வட இந்தியாவின் பல பகுதிகளில் பிரசவம் பார்க்கும் 'தாய்' என்ற மருத்துவச்சிகள் பெரும்பாலும் தீண்டப்படாத சாதிப் பெண்கள். பிரசவ ரத்தம் தீட்டு. நஞ்சுக்கொடி தீட்டு. ஆகவே கொடியை அறுப்பதும், நஞ்சைப் புதைப்பதும், பிள்ளையை முதலில் குளிப்பாட்டுவதும் அவர்கள் வேலை. தமிழ்நாட்டில் இந்த வேலையை நாவிதர் குலத்துப் பெண்கள் அதிகம் செய்தார்கள். சேரிகளில் சேரிப் பெண்களே செய்துகொண்டார்கள். மதராஸ் மாகாணத்து வெள்ளைக்காரர் வீடுகளில் பிள்ளை வளர்த்த ஆயாக்களில் பறையர் சமூகப் பெண்கள் பலர். வேலைக்காரப் பெண் என்ற பொருளில் 'ஆயா' என்ற சொல்லே போர்த்துகீசியர் வழியாக நமக்கு வந்தது.

இந்த மண்ணில் பச்சைக்குழந்தையை முதலில் தொட்ட கை யாருடையது என்று பாருங்கள். சாதி தொடக்கூடாது என்று ஒதுக்கி வைத்த கை அது. தீட்டான வேலையை அந்தக் கையிடம் கொடுத்தார்கள். தீட்டுக்கழித்த பிறகு பிள்ளை மேல்சாதிப் பிள்ளையாகிவிடும், தொட்டவள் மட்டும் மறுபடி வெளியே.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'பயிற்சி' என்ற பேச்சு வந்தது. பெண்களுக்கு மருத்துவ உதவி என்ற நோக்கத்தோடு 1885இல் டஃபரின் நிதி தொடங்கப்பட்டது. மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுக்கவே 1903இல் கர்சன் சீமாட்டி விக்டோரியா நினைவு உதவித்தொகை நிதியை உருவாக்கினார். தாய்மாரும் சிசுக்களும் கொத்துக்கொத்தாகச் செத்த காலம் அது. கைகழுவுதல், சுத்தமான கத்தி, ரணஜன்னி தடுப்பு ஆகியவற்றைக் கற்றுக்கொடுத்தது உயிர் காத்த வேலை, அதை நாம் மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் காலத்து அறிக்கைகள் மருத்துவச்சியைப் பற்றிப் பேசும் தொனியைக் கவனியுங்கள். அழுக்கானவள், அறிவில்லாதவள், மூடநம்பிக்கை பிடித்தவள். ஏன் அழுக்கு? ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாத சமூகம் அவளை அழுக்கு என்கிறது. ஏன் படிப்பில்லை? பள்ளிக்கூடத்தில் உட்கார விடாத சமூகம் படிப்பில்லாதவள் என்கிறது. சாதி செய்த குற்றம் அவள் குணமாக எழுதப்பட்டது. பயிற்சி என்ற சொல் அன்றைக்கே இரண்டு முகத்தோடு வந்தது. ஒரு முகம் உயிர் காக்கும் அறிவு. இன்னொரு முகம், உனக்கு ஒன்றும் தெரியாது என்ற தீர்ப்பு.

அபினும் அண்ணலும்

அடுத்து ஆலைக்கு வருவோம். பம்பாய் பஞ்சாலைகளில் வேலைக்குப் போன தாய்மார்கள், வேலை நேரம் முழுக்கப் பிள்ளை தூங்க வேண்டும் என்று சிறிது அபின் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். 1920களின் விசாரணைகளில் இது பதிவாகியிருக்கிறது. கல்நெஞ்சக்காரத் தாய்கள் என்று இதைப் படித்துவிடக் கூடாது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, வேலையை விட்டால் சோறில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைத்தது அபின் உருண்டை. தொழிலாளர் நிலை குறித்த ராயல் கமிஷன் 1931 அறிக்கையில் ஆலைகளில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1934ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அதை மாகாண அரசுகளின் விருப்பத்துக்கு விட்டது.

இந்த இடத்தில் அண்ணல் அம்பேத்கர் வருகிறார். 1928 ஜூலையில் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்றார், அந்தச் சுமையை முதலாளியும் அரசும் ஏற்க வேண்டும் என்று வாதாடினார். 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். போர்க்கால நிலக்கரித் தேவையைக் காட்டி 1943இல் பெண்களை நிலத்தடிச் சுரங்கத்தில் இறக்கத் தடை நீக்கப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் அவர் தன்பாத் சுரங்கங்களுக்கு நேரில் போய்ப் பார்த்தார். 1946இல் அந்தத் தடை மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அவர் பொறுப்பில் இருந்த காலத்தில்தான் சுரங்கப் பெண்களின் பேறுகாலச் சட்டம் திருத்தப்பட்டது. சுரங்க முதலாளிகள் குழந்தைக் காப்பகம் நடத்த வேண்டும் என்ற கட்டாயம் 1945இல் வந்தது, அதற்கான விதிகள் 1946இல் வந்தன.

அண்ணலை அரசியல் சாசனத்தோடு மட்டும் நிறுத்திவிடுகிறோம். சுரங்க வாசலில் தொட்டில் கட்டுவதும் அவருடைய அரசியல்தான். அங்கே கரி சுமந்த பெண்களில் தலித்துகளும் ஆதிவாசிகளும் மிகுதி.

'பயிற்சி பெற்ற பெண்' என்ற சொற்றொடர்

சுதந்திர இந்தியாவின் தொழிற்சாலைச் சட்டம், 1948. அதன் 48ஆம் பிரிவு 50க்கு மேல் பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் காப்பகம் கட்டாயம் என்றது. 1976 திருத்தம் அந்த எண்ணிக்கையை 30ஆகக் குறைத்தது. அந்தப் பிரிவில் ஒரு முக்கியமான நிபந்தனை இருந்தது. காப்பகம் வெளிச்சமாகவும் காற்றோட்டமாகவும் சுத்தமாகவும் இருந்தால் போதாது, குழந்தைகளையும் சிசுக்களையும் பராமரிப்பதில் பயிற்சி பெற்ற பெண்ணின் பொறுப்பில் அது இருக்க வேண்டும் என்றது.

1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலும் அதே நிபந்தனை. வால்பாறையிலும் நீலகிரியிலும் கொழுந்து பறிக்கும் நம் பெண்களுக்கான சட்டமாக இருந்தது அது. 1996ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டத்திலும் அதே நிபந்தனை. ஐம்பது ஆண்டுகளாகச் சட்டத்துக்குச் சட்டம் அந்தச் சொற்றொடர் திரும்பத் திரும்ப வந்தது.

உழைக்கும் பெண்ணின் பிள்ளைக்கும் தேர்ந்த கவனிப்பு வேண்டும் என்று சட்டம் ஒப்புக்கொண்டது பெரிய வெற்றி. ஆனால் யார் பயிற்சி கொடுப்பது, எத்தனை நாள், யார் செலவில், முடித்தவருக்கு என்ன ஊதியம் என்பதை நிறுவன முதலாளியிடமும் மேஸ்திரியிடமும் விட்டுவிட்டால் என்ன நடக்கும்? வயசாகிவிட்டது, இனிக் கொழுந்து பறிக்க முடியாது என்று ஒதுக்கப்பட்ட பாட்டியைக் கூப்பிட்டுக் காப்பகத்தில் உட்கார வைப்பார்கள். ஆய்வாளர் வரும் நாளில் அவர்தான் 'பயிற்சி பெற்ற பெண்'. பெண்களின் எண்ணிக்கையை 30ஐத் தாண்டாமல் நிறுத்திக்கொண்ட கணக்கையும் தொழிற்சங்கத் தோழர்கள் அறிவார்கள்.

அடையாறும் போர்டியும்

அப்படியானால் உண்மையான பயிற்சி எங்கே நடந்தது? ஒரு பாதை அடையாற்றில் தொடங்குகிறது.

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னைக்கு வந்தார். அடையாற்றில் ஆசிரியர் பயிற்சி வகுப்பு நடத்தினார். அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் மரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். போரின் காரணமாக 1946 வரை இந்தியாவில் தங்க வேண்டியதாயிற்று. அதில் சில ஆண்டுகள் கொடைக்கானலில் கழிந்தன. பிறந்த நாள் முதல் 3 வயசு வரையிலான குழந்தையைப் பற்றிய அவருடைய சிந்தனை இந்திய ஆண்டுகளில்தான் விரிந்தது. நாடெங்கும் இருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அவரிடம் பயிற்சி பெற்றார்கள்.

ஆங்கில வகுப்பில் உட்காரக் கூடியவர், கட்டணம் கட்டக் கூடியவர், மாதக்கணக்கில் வேலையை விட்டுவிட்டு வரக் கூடியவர் அன்றைய இந்தியாவில் எந்தச் சாதியிலிருந்து வந்திருப்பார்? அதே அடையாற்றில் 1894லேயே ஆல்காட் தீண்டப்படாத பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கியிருந்தார். அந்தப் பிள்ளைகளின் தாய்மார் வீட்டுக்கும் மாண்டிசோரி வகுப்புக்கும் தூரம் அதிகமில்லை. நடக்க முடியாத தூரமாக அதை ஆக்கியது மொழியும் காசும் சாதியும். இன்றைக்கும் மாண்டிசோரி என்ற பெயர்ப்பலகை பெரும்பாலும் வசதியான தெருக்களில்தான் தொங்குகிறது. ரோமில் 1907இல் அந்த அம்மையார் முதல் பள்ளியைத் தொடங்கியது ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது பாதை மகாராஷ்டிரத்தின் கடலோர ஊரான போர்டியில் தொடங்குகிறது. தாராபாய் மோடக் 1945இல் அனுதாய் வாக் துணையோடு அங்கே கிராமக் குழந்தைக் கல்வி மையம் தொடங்கினார். ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. வராததற்குக் காரணம் பிள்ளைகளிடம் இல்லை என்று அவர் புரிந்துகொண்டார். பள்ளியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் குடியிருப்புக்கே போனார். வீட்டு முற்றத்தில் பாய் விரித்து நடந்த பள்ளி அது. மராத்தியில் 'ஆங்கண்' என்றால் முற்றம். நாம் தினமும் சொல்லும் 'அங்கன்வாடி' என்ற சொல்லின் வேர் அங்கே இருக்கிறது. விலை உயர்ந்த மாண்டிசோரிக் கருவிகளுக்குப் பதில் கூழாங்கல், இலை, குச்சி, விதை ஆகியவற்றை வைத்துக் கற்பித்தார்கள். 1957இல் வார்லி ஆதிவாசிகள் வாழும் கோஸ்பாட்டுக்கு இந்த முயற்சி நகர்ந்தது. அங்கே பள்ளியோடு சேர்த்துக் குழந்தைக் காப்பகமும் நடத்தினார்கள். தம்பி தங்கையைச் சுமப்பதற்காகப் படிப்பை விட்ட பெண் பிள்ளைகள் அதனால் படிக்க முடிந்தது.

போர்டி இன்னொன்றையும் சொல்லித் தருகிறது. பயிற்சி பெற்றவர் ஒதுக்கப்பட்டவரின் முற்றத்துக்கு வந்தார், அது பெரிய விஷயம். அந்த முற்றத்தின் சொந்தக்காரி எப்போது பயிற்சி கொடுப்பவராக ஆவார் என்ற கேள்வி மட்டும் மிச்சமிருந்தது.

எட்டாம் வகுப்பும் நல்ல வளர்ப்பும்

1969இல் டெல்லியில் காந்தி நூற்றாண்டுக்கான கட்டுமானப் பணி நடந்துகொண்டிருந்தது. கல்லும் மண்ணும் சுமந்த பெண்களின் பிள்ளைகள் புழுதியில் கிடப்பதைப் பார்த்த மீரா மகாதேவன் அங்கேயே ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார். 'மொபைல் கிரீச்சஸ்' அப்படிப் பிறந்தது. கட்டடம் முடிந்ததும் தொழிலாளர் அடுத்த இடத்துக்குப் போவார்கள், காப்பகமும் கூடவே போகும். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களை வேலை செய்யும் இடத்திலேயே பழக்கி எடுக்கும் முறையை அவர்கள் வளர்த்தெடுத்தார்கள்.

1975 அக்டோபர் 2 அன்று 33 திட்டப் பகுதிகளில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. உள்ளூர்ப் பெண்ணையே பணியாளராக எடுப்பது என்ற நல்ல முடிவோடு வந்தது. ஆனால் அவருக்குக் கொடுப்பது சம்பளம் அல்ல, 'மதிப்பூதியம்'. அன்றைக்கு மெட்ரிக் படித்த பணியாளருக்கு மாதம் 150 ரூபாய், படிக்காதவருக்கு 100, உதவியாளருக்கு 35. பிள்ளை வளர்ப்பது பெண்ணின் இயல்பு, சேவை, அதற்குக் கூலி எதற்கு என்ற எண்ணம் அந்த ஒரு சொல்லில் ஒளிந்திருக்கிறது.

நம் மாநிலத்தில் 1980இல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. 6 மாதம் முதல் 36 மாதம் வரையிலான குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டு, எடை குறைந்தால் உடனே கவனிப்பது அதன் முறை. அந்தத் திட்டம் ஊட்டச்சத்துப் பணியாளரைத் தேர்ந்தெடுத்த விதத்தை இளம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளூர்க்காரராக, ஓரளவு படித்தவராக இருக்க வேண்டும் என்பதோடு, ஏழையாக இருந்தும் தன் பிள்ளையை ஆரோக்கியமாக வளர்த்த தாய்க்கு முன்னுரிமை என்றது.

படிப்புச் சான்றிதழோடு அவள் பிள்ளையின் உடம்பையும் ஒரு சான்றாக அந்தத் திட்டம் எடுத்துக்கொண்டது. இல்லாமையில் பிள்ளை வளர்ப்பது எப்படி என்பது ஓர் அறிவு, அது ஏழைத் தாயிடம் இருக்கிறது என்று ஓர் அரசுத் திட்டம் ஒப்புக்கொண்டது. அதன் மேல் பயிற்சியைக் கட்டியது. இப்படிச் செய்ய முடியும் என்பதற்கு நம் மண்ணிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. பின்னாளில் அந்தத் திட்டம் மற்ற திட்டங்களோடு கரைந்தபோது இந்தத் தேர்வு முறையும் பேச்சிலிருந்து மறைந்துபோனது.

ஊரில் மையம், சேரியில் பிள்ளை

அங்கன்வாடி எங்கே கட்டப்படும் என்பதும் சாதிக் கேள்விதான். ஊருக்குள் மையம் இருந்தால் சேரிப் பிள்ளை போகத் தயங்கும். சேரியில் மையம் இருந்தால் ஊர்ப் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள். உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004இலும் 2006 டிசம்பரிலும் தெளிவாகச் சொன்னது: புதிய மையங்கள் திறக்கும்போது தலித், பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை தர வேண்டும். இந்த உத்தரவு நம் கையில் இருக்கும் ஆயுதம். பலருக்கு இது இருப்பதே தெரியாது.

2017இல் மதுரை மாவட்டம் திருமங்கலம் பக்கத்தில் வலையபட்டியில் அங்கன்வாடிக்கு இரண்டு தலித் பெண்கள் நியமிக்கப்பட்டார்கள். சாதி இந்துக்கள் எதிர்த்தார்கள். அந்தப் பெண்கள் இடமாற்றம் செய்யப்பட்டார்கள். தகுதி இருந்தது, நியமன ஆணை இருந்தது. எந்தப் பயிற்சி மையமும் கொடுக்க முடியாத ஒரு தகுதியை ஊர் கேட்டது. ஒரு காலத்தில் தொப்புள்கொடி அறுக்கத் தலித் பெண்ணின் கை தேவைப்பட்டது. அதே கை அரசு ஆணையோடு சோறு ஊட்ட வந்தால் ஆகாது. இந்த முரணுக்குப் பெயர்தான் சாதி.

நூறு நாள் வேலைச் சட்டத்தையும் பாருங்கள். 2005இல் வந்த அந்தச் சட்டம், வேலை நடக்கும் இடத்துக்கு 6 வயசுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து அல்லது அதற்கு மேல் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமித்து அவருக்கும் கூலி கொடுக்கச் சொன்னது. பின்னர் திருத்தப்பட்ட அட்டவணை, மிகவும் விளிம்புநிலையில் உள்ள பெண்களை, கையால் மலம் அள்ளும் தொழிலிலிருந்து விடுவிக்கப்பட்டவர் உட்பட, இந்த வேலைக்கு எடுக்கச் சொன்னது. நோக்கம் நல்லது. ஆனால் வேப்பமர நிழலும் பத்துப் பிள்ளைகளும் கொடுத்துவிட்டு, ஒரு நாள் பயிற்சிகூடக் கொடுக்காமல் விட்டால், பிள்ளை பராமரிப்பு மறுபடியும் 'யார் வேண்டுமானாலும் செய்யலாம்' என்ற வேலையாகிவிடும். விளிம்பில் இருப்பவளுக்கு வேலை கொடுத்தார்கள், தொழில் கொடுக்கவில்லை.

இன்றைக்கு எங்கே நிற்கிறோம்

2020 தேசியக் கல்விக் கொள்கையின் பல அம்சங்களை நாம் எதிர்க்கிறோம். அங்கன்வாடிப் பணியாளர் பயிற்சி பற்றி அது சொல்வதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 12ஆம் வகுப்பு முடித்தவருக்கு 6 மாதச் சான்றிதழ்ப் படிப்பு, அதற்குக் கீழே படித்தவருக்கு ஓராண்டுப் பட்டயப் படிப்பு, பெரும்பாலும் கைபேசி, தொலைக்காட்சி வழியாக. 2023இல் ஒன்றிய அரசு தொடங்கிய புதிய பயிற்சித் திட்டத்தில் பணியாளருக்குக் கிடைப்பது 3 நாள். பிறப்பு முதல் 3 வயசு வரையிலான குழந்தைகளுக்காக 2024இல் 'நவசேத்னா' என்ற கையேடு வந்தது. 36 மாதங்களுக்கு, மாதவாரியாக, 140 செயல்பாடுகள். அதில் பலவும் பிள்ளையோடு பேசுவது, பாடுவது, விளையாடுவது. எங்கள் சேரியில் எந்தக் கிழவியைக் கேட்டாலும் சொல்வாள். அதற்காகக் கையேடு வேண்டாம் என்று சொல்லவில்லை. கையேட்டை எழுதும் மேசையில் அந்தக் கிழவிக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்கிறேன்.

2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த ஒன்றிய அரசின் வழிகாட்டுதல், பணியாளர் இடங்களில் பாதியை ஐந்து ஆண்டு அனுபவமுள்ள உதவியாளர்களைக் கொண்டு நிரப்பச் சொன்னது. ஆனால் 2018இல் நிர்ணயித்த ஒன்றிய அரசின் மதிப்பூதியம் பணியாளருக்கு 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. மாநிலம் கூடுதலாகப் போடுவது தனி. கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. தள்ள ஆள் வேண்டும்.

மாணவத் தோழர்களே, உங்களால் செய்யக்கூடியவை இவை. உங்கள் குடியிருப்பில் 3 வயசுக்குக் கீழே எத்தனை பிள்ளைகள், தாய் வேலைக்குப் போனால் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கணக்கெடுங்கள். சத்துமாவு பாக்கெட்டோடு அந்தப் பிள்ளைகள் மீதான அரசின் கடமை முடிந்துவிடாது. உங்கள் வட்டாரத்தில் உதவியாளர்களுக்குக் கடைசியாக எப்போது, எத்தனை நாள் பயிற்சி நடந்தது, எத்தனை பேர் பணியாளராக உயர்த்தப்பட்டார்கள், அதில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மையம் இல்லாத சேரிக்கு மையம் கேட்டுக் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். எங்கள் அம்மாக்களுக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும், பயிற்சி தேவையில்லை என்று மட்டும் பேசிவிடாதீர்கள். அது அரசுக்குச் செலவில்லாத பாராட்டு. தெரிந்ததற்கு மதிப்பும், தெரியாததற்குப் பயிற்சியும், இரண்டுக்கும் சேர்த்து ஊதியமும் நமக்கு வேண்டும்.

பெரியம்மா ஓய்வுபெற்ற அன்று மையத்தில் ஒரு சால்வை போர்த்தினார்கள். வீட்டுக்கு வந்ததும் டிரங்குப் பெட்டியைத் திறந்து, அந்த ஐந்து நாள் பயிற்சியில் கொடுத்த நோட்டை எடுத்துக் காட்டினார். அவருக்கு எழுத அவ்வளவாக வராது. முதல் மூன்று பக்கத்தில் படம் வரைந்து வைத்திருந்தார்: கைகழுவும் படம், உப்பும் சர்க்கரையும் கரைக்கும் டம்ளர், தராசில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை. மீதிப் பக்கமெல்லாம் வெற்று.

"இன்னும் பத்து நாளு நடத்தியிருந்தா நோட்டு ரொம்பியிருக்கும்டா" என்றார்.

ஜெய் பீம்.